எதிர்வீட்டு அடுப்படியில் முளைத்த மொழிக்கிளை

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. கீரனூரிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் போனில் கத்திக்கொண்டிருந்தாள்: "மொழிக்குடும்பத்துல ஒரு கிளையே இல்லாமப் போச்சு மேடம்! நாலு வருஷ உழைப்பு!"

நான் கேட்டது அந்த ஒரு வரிதான். மிச்சமெல்லாம் நானே கட்டியது, தீவையும் சேர்த்து. வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

2.

கட்டுமாவடியில் படகுகள் கரை திரும்பும் வேளையில்— [அடித்துவிட்டேன். ஊர்ப் பெயரை எழுதினாலே படகு வந்து நிற்கிறது. என்ன கைப்பழக்கமோ!]

ஷிஃபாவின் அகன்ற விழிகளில்— [சீ.]

இப்படி வைத்துக்கொள்வோம். ஷிஃபாவுக்கு வயது இருபத்தெட்டு. கட்டுமாவடிப் பெண், திருச்சிக் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஆஸ்திரோனேசிய மொழிகள் என்று ஒரு பெருங்குடும்பம் உண்டு, மடகாஸ்கரிலிருந்து பசிபிக் தீவுகள் வரை சிதறிக் கிடப்பது. அதில், இந்தோனேசியாவின் கிழக்கோரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் பேசும் மூன்று குட்டி மொழிகளை வகைப்படுத்துவது அவள் வேலை. எது எதற்கு உடன்பிறப்பு, எது ஒன்றுவிட்ட உறவு என்று தீர்மானிக்க வேண்டும்.

கட்டுமாவடியில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் செய்வாள்? கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். நானும் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் ஹஸ்மியாவைக் கொண்டுவந்தேன்.*

* ஹஸ்மியா மூன்றாவது தீவுக்காரி. ஜித்தாவில் ஒரு வீட்டில் இவள் சமையலுக்கு இருந்தாள், நம் ஊர் அப்துல்லா அங்கே டிரைவர். நிக்காஹ் முடிந்து ஒன்பது வருஷமாக ஷிஃபாவுக்கு எதிர்வீடு. தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ரொம்ப வசதியான தற்செயல்தான், ஒப்புக்கொள்கிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் வந்து எழுதிக்கொள்ளட்டும்.

3.

கை, தீ, கல், மீன் என்று நூறு அடிப்படைச் சொற்கள். எந்த மொழியும் இவற்றை லேசில் மாற்றாது என்பது ஆய்வாளர்களின் நம்பிக்கை. ஹஸ்மியா மீன் ஆய்ந்தபடியே சொல்லச் சொல்ல, ஷிஃபா போனில் பதிவு செய்தாள். பழைய அகராதிகளில் கிடைத்த மற்ற இரண்டு தீவு மொழிகளும் ஒன்றோடொன்று அச்சாக ஒத்துப்போயின. ஹஸ்மியா சொன்னவற்றில் மட்டும் பதினொரு சொற்கள் அக்கம்பக்கத்தில் எங்குமே இல்லாதவை.

தனிக் கிளை! ஷிஃபாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பதினொன்றை நம்பி நாலு வருஷம் எழுதினாள். வியாழக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நல்ல சேதி சொல்ல எதிர்வீட்டு அக்காவிடம் ஓடினாள்.

"ராத்தா, ஒங்க பாஷை தனிக் கிளையாக்கும்! கைக்கு நீங்க சொன்ன சொல்லு வேற எங்கிட்டும் கெடையாது."

ஹஸ்மியா சிரித்தாள். "எப்புடிக் கெடைக்கும்? நாந்தானே கட்டுனேன் அந்தச் சொல்ல!"

அவர்கள் தீவில் மருமகள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரை உரசும் சொற்களும் ஆகாது, மாற்றுச் சொல் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தீவுகளில் கைக்கு வழங்கும் சொல், மாமியார் ஹலீமாவின் பெயருக்குள் கிடக்கிறது. தீயின் சொல் மாமனார் ஹபீபின் பெயரை உரசுகிறது. இப்படி வீட்டில் ஏழு பெரியவர்கள், பதினொரு சொற்கள். [அசல் சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.]

ஆக, ஷிஃபாவின் தனிக் கிளை எந்தத் தீவிலும் முளைக்கவில்லை. எதிர்வீட்டு அடுப்படியில் முளைத்திருக்கிறது.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. இவள் அம்மா இன்றைக்கும் புருஷனைப் பெயர் சொல்லாமல் "ஷிஃபா அத்தா" என்றுதான் கூப்பிடுகிறாள். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள், ஹஸ்மியாவிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டாமா? என் கதாபாத்திரம்தான் என்றாலும் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கத் தோன்றியது.

4.

நெறியாளர் மோகனப்ரியாவுக்கு அதைவிட எரிச்சல். "அந்தம்மா வாயால அசல் சொல்லு வரணும் ஷிஃபா. ரெக்கார்டு இல்லாம எதை வச்சு மாத்துவ? இல்லையா, இருக்கிறத இருக்கிறபடி குடுத்துட்டுப் பேசாம இரு."

ஷிஃபா போனை எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். "ஒரே ஒரு தடவ ராத்தா. மெதுவாச் சொன்னாப் போதும்."

கட்டிலில் படுத்திருந்த ஹலீமா குரல் கொடுத்தார். "சொல்லேன் புள்ள. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். எம்பேரு தேஞ்சா போயிரும்?"

ஹஸ்மியா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒங்க மரியாதைக்காக மட்டும் இல்ல மாமி. எங்க ஊருல அதச் சொன்னா, நான் இந்த வீட்டு மருமக இல்லேன்னு நானே சொன்ன மாதிரி. அத்துக்கிட்டுப் போறவதான் சொல்லுவா."

ஹலீமா எழுந்து உட்கார்ந்தார். "ஷிஃபா, அந்தப் போனை அணைச்சு வையி."

5.

முடிவுகள்:

அ) ஷிஃபா வாயை மூடிக்கொண்டு பட்டம் வாங்குகிறாள். எழுதிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. அருவருப்பாக இருந்தது.

ஆ) கடைசியில் ஹஸ்மியா மனமிரங்கி, வாயைத் திறந்து— [மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் கிழித்தேன்.]

இ) புதன்கிழமை மத்தியானம் ஷிஃபா அந்தத் தனிக் கிளையைக் குறுக்கே அடித்தாள். "இப்பதினொன்றும் மருமகள் கட்டிய சொற்கள். அசல் சொற்கள் பதிவாகவில்லை" என்று ஓரத்தில் எழுதினாள். மேடம் போனை எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"தனிக் கிளை இல்ல ராத்தா. பக்கத்துத் தீவுகளோட சேந்ததுதான்."

"சேந்து இருந்தா என்னவாம்? நானுந்தான் இத்தன பேரோட சேந்து இருக்கேன். அதுக்காக நான் ஒரு ஆளு இல்லையா?" என்றாள் ஹஸ்மியா.

வியாழக்கிழமையை எழுத எனக்குத் தெம்பில்லை. ஏட்டை வாங்கிக்கொண்டார்களா, மூஞ்சியில் எறிந்தார்களா, பட்டம் வந்ததா என்பதையெல்லாம் உங்கள் இஷ்டத்துக்கு முடித்துக்கொள்ளுங்கள். ஆதாரம் வேண்டும் என்று ஹஸ்மியாவை மட்டும் வாய் திறக்க வைத்துவிடாதீர்கள். அவளுக்குப் போக வேறு வீடு இல்லை.