ஒரே முப்பது, வேறு காற்று

லெஸ்யா ஹால்சுக் மூன்றாவது முறையாகக் குழாயைக் கழற்றி மாட்டினாள். எண் மாறவில்லை.

வின்னிபெக் மருத்துவமனையின் அடித்தளத்தில், அவள் முன்னால் இரண்டு இயந்திரங்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்குள், நொடிக்குப் பத்து தடவை சிறிது சிறிதாகக் காற்றை அதிரவிடும் இயந்திரங்கள். ஒன்று பதினெட்டு வருடம் உழைத்த பழசு. மற்றது போன வாரம் வந்திறங்கிய புதுசு. இரண்டையும் ரப்பர் நுரையீரலில் பூட்டி, எது எப்படி வேலை செய்கிறது என்று அளந்து சொல்வது சுவாச சிகிச்சையாளரான லெஸ்யாவின் பொறுப்பு.

இரண்டிலும் அதிர்வின் வலுவை முப்பதில் வைத்திருந்தாள். பழசு ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒன்றரை மில்லி காற்றைத் தள்ளியது. புதுசு இரண்டரை!

அளவுமானியில் கோளாறோ? வேறொன்றை மாட்டினாள். அதே இரண்டரை.

சட்டென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. இன்று காலை ஏழு மணிக்கு நாலாவது மாடி பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு பழைய இயந்திரம் மக்கர் பண்ண, வேறு வழியில்லாமல் இன்னொரு புதுசை மேலே கொண்டுபோயிருந்தார்கள். போனைப் பிடுங்கினாள்.

"டேரல், அந்தக் குழந்தைக்கு என்ன நம்பர் வெச்ச?"

"இதென்ன கேள்வி? பழசுல இருந்ததை அப்படியே வெச்சேன். முப்பது. மெஷின் மாறினாலும் நம்பர் மாறக்கூடாதுன்னு நீதானே எல்லாருக்கும் பாடம் எடுப்ப?" மேலே பணியில் இருந்த சக சிகிச்சையாளன் டேரல் ஃப்ரீசன் உற்சாகமாக இருந்தான். "மார் என்னமா ஆடுது தெரியுமா? தொடை வரைக்கும்! இவ்வளவு அழகா ஆடி நான் பார்த்ததே இல்ல."

"அதான்யா பயமா இருக்கு! ரத்தம் எடுத்தியா?"

"எட்டு மணிக்குத்தானே? இன்னும் பத்து நிமிஷம் இருக்கே."

"இப்பவே எடு!"

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படிகளில் ஓடினாள். காற்று அளவுக்கு மீறிப் போனால் ரத்தத்தில் கரியமில வாயு மிகவும் குறைந்து போகும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். எழுநூறு கிராம் உடம்பு எத்தனை நேரம்தான் தாங்கும்?

டேரல் ரத்தத் துளியைப் பரிசோதனைக் கருவியில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் லெஸ்யாவின் கை குமிழில் இருந்தது.

"ஏய், ஆர்டர்ல முப்பதுன்னு இருக்கு! டாக்டர் போல்யூ என்னைத் தொலைச்சிடுவாரு."

"அவர் ஆர்டர் போட்டது பழசுக்கு. இதுல முப்பதுன்னா வேற காத்து. நான் குறைச்சிட்டேன்னு அவருக்குப் போன் போடு."

இருபதுக்குத் திருப்பினாள். கருவி பீப் என்றது. கரியமில வாயு இருபத்திமூன்று. குறைந்தது நாற்பது இருக்க வேண்டும். டேரல் முகம் செத்துப் போனது.

"ஏங்க, ஆட்டம் குறைஞ்சிடுச்சே!" இன்குபேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோலீன் சின்க்ளேர் பதறி எழுந்தாள். "என் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். டேரல் அதைத்தான் கண்ணால் கெஞ்சினான்.

"புது மெஷின் தேவைக்கு மேல காத்து குடுத்துடுச்சு, ஜோலீன். ஒரு மணி நேரமா. நாங்க கவனிக்கல. தப்பு எங்களோடது."

"மூளைக்கு ஏதாவது..."

"ஸ்கேன்ல பார்த்தாத்தான் தெரியும்."

அரை மணி கழித்து எடுத்த ரத்தத்தில் நாற்பத்தொன்று. லெஸ்யா உட்காரவில்லை. மதியம் டாக்டர் போல்யூ குழந்தையின் தலையில் ஸ்கேன் கருவியை வைத்து, மூச்சுவிடாமல் திரையையே பார்த்தார்.

"மூளைல ரத்தக் கசிவு இல்லம்மா. ஆனா மூணு நாள் கழிச்சு இன்னொரு தரம் பார்க்கணும். அதுக்கப்புறம்தான் நிச்சயமா சொல்ல முடியும்."

அவர் போனதும் ஜோலீன் லெஸ்யாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மூணு நாளும் நீங்களே வந்து பார்ப்பீங்களா? உண்மையைச் சொன்னது நீங்கதான்."

நாளை முதல் லெஸ்யாவுக்கு நான்கு நாள் விடுமுறை.

"வரேன்" என்றாள்.