வாலுவின் கையெழுத்து

ஒரே ஒரு பக்கம்தானே. எழுதிக் கொடுத்தால் என் கை என்ன தேய்ந்தா போய்விடும்? அந்த மனிதர் என்ன, சொத்தா எழுதிக் கேட்கிறார்? எட்டு வரி, மிஞ்சிப்போனால் பத்து. அவளுடைய எழுத்து எனக்கு அச்சாக வரும் என்பது அவளுக்கே தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொள்வதற்கு அவள் இல்லை.

கையிலிருந்த தூரிகை அந்தரத்தில் நின்றது. நுனியில் இருந்த பீங்கான் குழம்பு திரண்டு மேசையில் சொட்டியது. இவள் அவசரமாகத் துடைத்தாள்.

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து அனுப்பும் கூடம் அது. நீண்ட மேசை, ஆளுக்கொரு விளக்கு, மூலையில் பற்களைச் சுடுகிற சிறிய சூளை. இவள் இங்கே சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முன்பற்கள் எல்லாம் இவளிடம்தான் வரும். முன்பல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் போதாது. பக்கத்துப் பல்லில் காப்பிக் கறை இருந்தால் இதிலும் அந்த மங்கல் வேண்டும். அதில் மயிரிழை விரிசல் இருந்தால் இதிலும் ஒன்று கீறிவிட வேண்டும்.

கூடத்தை நடத்தும் முதலாளியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதப் போட்டா பக்கத்துப் பல்லுக்கே சந்தேகம் வந்துடும், அசல் நானா இவனான்னு" என்றார். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? பல்லு செய்யறவ பல்லக் காட்டி பத்து நாளாச்சு."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லேன்னா நெறைய இருக்குன்னு அர்த்தம். சரி சரி, போகும்போது சூளைய அணைச்சுட்டுப் போ."

நிறையத்தான் இருந்தது. ஆனால் யாரிடம் சொன்னாலும், நீ அவளைப் பார்த்திருக்கிறாயா என்றுதான் முதலில் கேட்பார்கள். பார்த்ததில்லை. குரலாவது கேட்டதுண்டா? இல்லை. ஒன்பது வருடம் வெறும் கடிதம். அதற்கா இவ்வளவு என்று வாயால் கேட்க மாட்டார்கள், கண்ணால் கேட்பார்கள். அந்தக் கண்களுக்குப் பயந்தே இவள் வீட்டுக்கு வெளியே யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பேனா மை விற்கும் கடை ஒன்று தன் இணையப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தது. அழகெழுத்தில் கடிதம் எழுத ஆசைப்படுகிறவர்கள் பெயர் கொடுத்தால், வேறு நாட்டில் அதே ஆசையோடு இருக்கும் ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள். அப்படி வந்தவள்தான். அவளுடைய முதல் கடிதத்தில் 'ழ' எழுத்தின் வால் கோட்டை விட்டு இறங்கி, இரண்டு வரி தாண்டி, போகிற போக்கில் கீழ்வரிப் புள்ளி ஒன்றைத் தட்டிவிட்டுப் போயிருந்தது. இவள் பதிலில் 'அன்புள்ள வாலு' என்று எழுதினாள். அவள் சும்மா விடுவாளா? இவளுடைய எழுத்தில் கொம்புகள் எல்லாம் ஆளை முட்ட வருவதுபோல நிற்கின்றன என்று சொல்லி 'அன்புள்ள கொம்பு' என்று திருப்பி எழுதினாள். அதற்கப்புறம் சொந்தப் பெயர்கள் உறையின் மேல் மட்டும்தான்.

இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவளின் கடைசி வரியை அடுத்தவளின் கையெழுத்திலேயே எழுதிவிட்டுத்தான் தன் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதற்குக் 'கைகுலுக்கல்' என்று பெயர். ஆரம்பத்தில் வாலு அந்த வரியின் மேல் சிவப்புப் பென்சிலை ஓட்டித் திருப்பி அனுப்புவாள். 'என் வாலுக்கு இவ்வளவு திமிர் கிடையாது.' 'இது என் து எழுத்து இல்லை, யாரோ வழியில் போகிறவளின் து.' நான்காவது வருடம் சிவப்புப் பென்சில் நின்றது. 'இனிமேல் எனக்கும் சேர்த்து நீயே எழுதிவிடு, நான் கொஞ்சம் தூங்குகிறேன்' என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு இவள் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கடிதத்தில்கூட உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதுச் செருப்பு கடிக்கிறது, கீழ்வீட்டுக்காரர் கிளாரினெட் ஊதக் கற்றுக்கொள்கிறார், அதற்குப் பல்வலியே மேல், நீ ஒரு பல் செய்து அனுப்பேன், இப்படியே இரண்டு பக்கமும் போயிற்று. அடுத்த தாளில் தேதிகூட இல்லாமல் ஒரே ஒரு வரி. 'மழை விட்டதும் மிச்சத்தை எழுதுகிறேன்.' அதில் இரண்டு 'ழ'வின் வாலும் நுனியில் லேசாக நெளிந்திருந்தன. புதிதாக ஒரு பாணி பிடித்திருக்கிறாள் என்று இவள் நினைத்தாள். நெளிவையும் சேர்த்துக் கைகுலுக்கலை எழுதி, அதன் கீழே, 'உன் வாலில் இந்த நெளிவு நன்றாக இருக்கிறது, விட்டுவிடாதே' என்று பாராட்டியும் எழுதினாள்.

அந்த உறை போய்ச் சேர்ந்தபோது வாலு இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

வாலுவின் கணவர்தான் அழைத்துச் சொன்னார். கடிதத்தாளின் மூலையில் இவளுடைய தொலைபேசி எண் இருந்தது. அவர் பேருந்து ஓட்டுநர். பணிமனையிலிருந்து பேசினார், பின்னால் எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"உங்கள எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியல. வீட்ல எப்பவும் கொம்பு, கொம்புன்னுதான் பேச்சு. ரொம்ப நாள் ஏதோ மாட்டப் பத்திப் பேசறான்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வழியிலேயே நின்றுவிட்டது. "ரத்தத்துல ஏதோ கோளாறும்மா. நாலு மாசம். உங்களுக்குச் சொல்லவே கூடாதுன்னுட்டா. அங்க ஒரு எடத்துலயாவது நான் சீக்காளியா இல்லாம இருக்கேனேன்னா."

"அண்ணா..."

"நேத்து உங்க கவர் வந்துது. பிரிச்சா, மேலயே அவ எழுத்து. மழை விட்டதும் எழுதறேங்கறா. நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். எங்கயோ உயிரோட இருந்துகிட்டு நமக்குத்தான் போட்டிருக்கான்னு ஒரு நிமிஷம்... ஒரே நிமிஷம்தான்."

இவள் கைகுலுக்கலைப் பற்றி விளக்கினாள். விளக்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் அழைத்தார்.

"எனக்கு அவ எதுவுமே எழுதினது இல்ல. கூடவே இருக்கறவனுக்கு எதுக்கு லெட்டரு? பால் வாங்கணும், தண்ணி வரலன்னு சீட்டு ஒட்டி வெப்பா. அதையும் நான் அப்பப்பக் கிழிச்சுப் போட்டுட்டேன். உங்ககிட்ட அம்பது லெட்டர் இருக்குல்ல? எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்க. அவ கையெழுத்துல."

"அது எப்படிண்ணா..."

"இல்லாத பல்லையே செஞ்சு குடுக்கறீங்களாமே. நானென்ன வாய் நெறையப் பல்லா கேக்கறேன்?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கடிதங்களில் அவர் எப்போதும் வெறும் 'இவர்'தான். இவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும், இவருக்கு வலது தோள் வலி, அவ்வளவுதான் அவரைப் பற்றி. 'நான் எழுதுவது இவருக்குப் பிடிக்காது என்றில்லை, கண்ணில் படுவதே இல்லை' என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அதை அவரிடம் சொல்ல முடியுமா?

"உங்கள என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள்.

எஞ்சின் சத்தத்தை விட்டு அவர் தள்ளி நடந்து வருவது கேட்டது.

"கூப்பிடவே மாட்டா. 'கேக்குதா?'ம்பா. அடுப்படிலேர்ந்து, 'கேக்குதா?' அவ்வளவுதான். லெட்டரையும் அப்படியே ஆரம்பிச்சுடுங்க. திங்கக்கெழம பேசறேன்."

"எழுதிக் குடுத்துடேன், பாவம் மனுஷன்" என்றார் இவளுடைய கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், எதையும் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர். முன்பெல்லாம் வெளிநாட்டு உறை வந்தால், "ஒன் சக்களத்தி வந்திருக்கா, உள்ள கூட்டிட்டுப் போ" என்பார். இப்போது அந்தச் சொல்லையே எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இவள் பெட்டியைத் திறந்தாள். வாலு தான் எழுதுகிற தாளில் ஒரு கட்டும், இரண்டு மைகளைத் தானே கலந்து செய்த பழுப்புக் கறுப்பு மையில் ஒரு புட்டியும் முன்பு பரிசாக அனுப்பியிருந்தாள். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டாள். கடைசித் தாளை எதிரில் வைத்தாள். அதில் மடிப்பு இல்லை. மடித்தால் எழுத்துக்கு இடுப்பு முறியும் என்று வாலு எப்போதும் அட்டை வைத்துத்தான் அனுப்புவாள்.

கையைப் பழக்க அந்த வரியையே எழுதினாள், ஒரு தாளுக்கு ஒரு வரியாக. முதல் மூன்றில் பார்த்து எழுதினாள். நான்காவதில் பார்க்கத் தேவைப்படவில்லை. பேனாவின் பட்டை முனை தானாகச் சாய்ந்தது, வால் தானாக இறங்கியது, நுனியில் தானாக நெளிந்தது. மேசைக்கு எதிரே யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அழுகை வரும் என்று பயந்திருந்தாள். வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு ஐந்தாவதும் ஆறாவதும் எழுதினாள்.

பிறகு புதுத் தாள் எடுத்தாள். 'கேக்குதா?' என்று எழுதினாள். அடுத்த வரியில், 'தோள் வலி எப்படி இருக்கிறது?' அதற்கடுத்து 'நான்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. நான் என்ன? நான் நன்றாக இருக்கிறேன் என்றா? நான் உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றா? யார் அந்த நான்? இவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

திரும்பி வந்தபோது கணவர் இஸ்திரிப் பெட்டியைக் கழற்றி மேசையில் பரப்பியிருந்தார். தாள்கள் ஓரமாக ஒரே அடுக்காக இருந்தன.

"காத்துல ரூம் முழுக்கப் பறந்துது. மை காஞ்சிருச்சான்னு பாத்துத்தான் அடுக்கினேன்" என்றார் பெருமையாக.

இவள் எண்ணினாள். ஒரே வரி எழுதிய தாள்கள் ஏழு. ஆறு இவளுடையவை. ஒன்று அவளுடையது.

சன்னலடிக்குக் கொண்டுபோனாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். பல் பார்க்கும் உருப்பெருக்கியைக் கைப்பையிலிருந்து எடுத்து வந்து, ஒவ்வொரு வாலாகக் கீழே இறங்கிப் பார்த்தாள். அதே தாள், அதே மை. வால் நுனியில் அதே நெளிவு. இத்தனை பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது நெளிவு இல்லை. நடுக்கம். பேனா பிடிக்கத் தெம்பில்லாத கையின் நடுக்கம். அதைத்தான் இவள் பாராட்டினாள். அதைத்தான் ஆறு முறை, ஒரு மயிரிழை பிசகாமல், நோகாத கையால் செய்து வைத்திருக்கிறாள்.

"எது அவங்களோடது?" என்றார் கணவர், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு.

"தெரியல."

"நல்லாப் பாரேன்."

"பாத்துட்டேன்."

அவருக்குத் தான் செய்தது மெதுவாகப் புரிந்தது. பக்கத்தில் வந்து நின்றார். "ஒண்ணு எடுத்து அதான்னு வெச்சுக்கோ. யாருக்குத் தெரியப்போவுது?"

இவள் ஏழையும் அடுக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். 'கேக்குதா?' என்று தொடங்கிய தாளை நான்காக மடித்தாள். மை புட்டியை இறுக்கி மூடினாள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவர் அழைத்தார். இவள் கூடத்தின் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து எடுத்தாள். கையில் பீங்கான் தூள் ஒட்டியிருந்தது.

"முடிஞ்சுதாம்மா?"

"நான் எழுதலண்ணா."

"அவசரமே இல்ல. மெதுவா எழுதுங்க."

"மெதுவாவும் எழுதல."

"ஏம்மா, அவ மாதிரி வரலியா?"

"வந்துதுண்ணா." இவள் முழங்காலில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினாள். "வந்துது. அதனாலதான்."

அவருக்குப் புரியவில்லை. "அவங்க எனக்கு எழுதினதுல எது வேணாலும் அனுப்பறேன். எல்லாத்தையுமே அனுப்பறேன்" என்றாள். சொன்ன பிறகுதான் எதைக் கொடுக்கத் துணிந்தோம் என்று உறைத்தது. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் உங்களுக்கு எழுதினது. நீங்க வெச்சுக்கோங்க. ஊரான் லெட்டரப் படிச்சு நான் என்ன பண்ண?" குரல் உயர்ந்தது. "எனக்கு எழுதினது ஒண்ணு வேணும். ஒண்ணே ஒண்ணு. கேக்குதா?"

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். பணிமனையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஒரு பேருந்து கிளம்பிப் போகும் சத்தம் வந்தது. இவள் கண்ணை மூடிக்கொண்டு அது முழுவதும் தேயும் வரை காத்திருந்தாள்.

"கேக்குதுண்ணா" என்றாள். "ஆனா என்னால முடியாது."