பதினோரு பேருக்குக் கை காட்டியவர்

காலை ஐந்தேகாலுக்கு டோரீன் போய்ச் சேர்ந்தபோது காட்டு வாசலில் இருபத்துமூன்று வண்டிகள் நின்றன. இருபத்துநான்காவதாகத் தன் வண்டியைப் பள்ளத்து ஓரமாகச் சொருகிவிட்டு, இருட்டில் நின்றபடியே அத்தனை பேரையும் மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். சொந்த நிலம் இருக்கிறவன் சமையலறை ஜன்னலிலிருந்தே மான் சுடுவான். இல்லாதவனுக்கு அரசாங்க வேட்டைக்காடு. பென்சில்வேனியாவின் அந்த வட மூலையில் இல்லாதவர்கள்தான் அதிகம். மான் சீசன் தொடங்கும் சனிக்கிழமையன்று அந்தக் காட்டில் மரத்துக்கு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான்.

பதினோரு வருஷமாக அவளும் வருகிறாள். இரண்டு பெட்டை மான் கிடைத்திருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் கொம்புள்ள கடா ஒன்றுகூட இதுவரை அவள் கைக்கு வரவில்லை. கொம்பை வறுத்தா தின்ன முடியும் என்று வெளியில் சொல்லிக்கொள்வாள். உள்ளுக்குள் ஆசை ஆசைதான்.

போதாததற்கு வியாழக்கிழமை நன்றி நவிலல் நாள் விருந்தில் அண்ணன் ரஸ், வான்கோழியை அறுத்தபடியே ஆரம்பித்துவிட்டான்.

"டோரீன், நீ காட்டுக்குப் போறது மான் சுடவா, காபி குடிக்கவா? காபிதான்னா இங்கயே குடிச்சுட்டுப் போயேன், குளிராம இருக்கும்."

மேஜையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த பூசணிப் பணியாரம் தட்டிலேயே கிடந்தது. முதியோர் இல்லச் சமையலறையில் அவளுக்கு வேலை. நாளை முதல் சீசன் முடிகிற வரை ஒரு நாள் விடுப்பு கிடையாது. கடா கிடைப்பதென்றால் இன்றைக்குத்தான் கிடைக்க வேண்டும்.

அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் ஒரு கழுத்து, அதன் நடுவில் பெரிய ஊசியிலை மரம். மற்றவர்கள் குளிர் தாங்காமல் எழுந்து நடக்கத் தொடங்கியதும், கலைந்த மான்கள் அந்தக் கழுத்து வழியாகத்தான் நழுவும். கூட்டமான காட்டில் கெட்டிக்காரத்தனம் என்பது அவ்வளவுதான்: மற்றவன் நடக்க வேண்டும், நாம் உட்கார வேண்டும்.

முக்கால் மணி நேரம் மூச்சு வாங்க ஏறி, லேசாக வெளுக்கிற நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்தால், மரத்தடியில், வேட்டைக்காரர்கள் எல்லோரும் போட்டாக வேண்டிய ஆரஞ்சுச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

டோரீனுக்கு வயிறு எரிந்தது. அரசாங்கக் காட்டில் எந்த மரமும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை, முதலில் வந்தவனுக்குத்தான் இடம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடுமா? அந்த மனிதர் கையை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். வேட்டைக்காரர்களுக்குள் அது வழக்கம். உன்னைப் பார்த்துவிட்டேன், ஒதுங்கிப் போகிறேன், என்னைச் சுட்டுவிடாதே என்று அர்த்தம். உட்கார்ந்திருப்பவன் பக்கம் போய் அவன் இடத்தைக் கலைப்பதைவிடப் பெரிய அநாகரிகம் அந்த ஊரில் கிடையாது.

அவள் சுற்றிப் போய், ஓடையைத் தாண்டி எதிர்ச்சரிவில் இருநூறு அடி தள்ளி ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். ஓடை இரைந்துகொண்டே இருந்தது. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, உறைந்து சாகட்டும் அந்த மனுஷன் என்று நினைத்தாள். நினைத்ததை அப்படியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பொழுது நன்றாக விடிந்தது. மேடுகளுக்கு அப்பால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிச் சத்தம். காட்டுக்குள் ஆரஞ்சு ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒவ்வொருவரும் மரத்தடி மனிதரைப் பார்த்ததும் நின்றார்கள், அவர் கை காட்டினார், அவர்களும் கை காட்டிவிட்டு மரியாதையாக விலகிப் போனார்கள். எட்டு மணிக்கு ஒரு பெரிய தாடிக்காரர். ஒன்பதுக்கு இரண்டு பேர். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் மாதிரி எல்லோருக்கும் கை காட்டுகிறாரே, இவர் எப்படி மான் சுடப்போகிறார் என்று டோரீன் முணுமுணுத்தாள். கால்விரல்கள் மரத்துப்போயின. பிளாஸ்க்கில் பாதி காபி மிச்சம் இருந்தது. ரஸ் ஞாபகத்தில் அதைத் தொடாமலே வைத்திருந்தாள்.

பத்தே முக்கால் இருக்கும். மரத்தடி மனிதர் அவளைப் பார்த்து மறுபடியும் கையை உயர்த்தினார். இந்த முறை அவள் பதில் காட்டவில்லை. சும்மா இரேன் என்று பல்லைக் கடித்தாள்.

அப்போதுதான் கடா வந்தது.

அந்த மேட்டுக் கழுத்து வழியாக, அவசரமே இல்லாமல், தலையைத் தாழ்த்தியபடி வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. மரத்தடி மனிதரைப் பத்தடி தூரத்தில் கடந்தது. அவர் சுடவில்லை. கடா நேராக ஓடையை நோக்கி, அவளை நோக்கி இறங்கியது. துப்பாக்கியைத் தூக்கியவள் சட்டென்று நிறுத்தினாள். அந்த மனிதர் மானுக்கு நேர் பின்னால் இருந்தார். அது நாலு எட்டு விலகட்டும். இரண்டு நிமிஷம் போதும்.

அவர் சரியாக எங்கே இருக்கிறார் என்று பார்க்கப் பைனாகுலரை எடுத்தாள். முதலில் கண்ணில் பட்டது அவருடைய துப்பாக்கி. அது மரத்துக்கு அப்பால் ஒரு பாறைக்குக் கீழே, அவர் கைக்கு எட்டாத தூரத்தில், பனியில் கிடந்தது. அடுத்து அவருடைய வலது பூட்ஸ். மனிதக் கால் திரும்பாத பக்கமாக அது திரும்பியிருந்தது. கடைசியாகக் கை. சற்று முன்பு வரை ஆடிக்கொண்டிருந்த கை மடியில் விழுந்து கிடந்தது. தலை குனிந்திருந்தது. அசைவே இல்லை.

விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இன்னும் இரண்டு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. கடா ஓடைக்கரையில் நின்று தண்ணீரை முகர்ந்தது. இன்னும் மூன்று எட்டு வைத்தால் போதும்.

அவள் எழுந்துவிட்டாள். கடா வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு இரண்டே பாய்ச்சலில் மறைந்தது. டோரீன் ஓடைக்குள் முழங்கால் வரை இறங்கி ஓடினாள்.

"ஐயா! ஐயா! உயிரோட இருக்கீங்களா?"

அறுபதைத் தாண்டியவர். உதடு நீலம் பாரித்திருந்தது. தலையை நிமிர்த்தி அவளை ஒரு மாதிரி முறைத்தார்.

"இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன்னு சொல்லமாட்டேன்."

குரல் காற்றாகத்தான் வந்தது. இருட்டில் பாறையில் வழுக்கி விழுந்தாராம். இடுப்பிலோ தொடையிலோ எலும்பு போய்விட்டது. மரம் வரைக்கும்தான் ஊர்ந்து வர முடிந்திருக்கிறது.

"கத்தியிருக்கலாமில்ல!"

"சீசன் முதல் நாள் காலையில எவனாவது கத்துவானா? ஊர்ல இருக்கிற மானெல்லாம் ஓடிப்போயிடும். பத்து மணிக்கு எல்லாரும் சாப்பிட எறங்குவாங்க, அப்பக் கத்திக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தொண்டை கட்டிக்கிச்சு."

"அதனால கை காட்டினீங்களா?"

"பதினோரு பேருக்குக் காட்டினேன். பதினோரு பேரும் திருப்பிக் காட்டிட்டுப் போயிட்டாங்க. இவ்வளவு மரியாதையான ஜனங்களை நான் பார்த்ததே இல்லம்மா."

டோரீனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அவமானமாகவும் இருந்தது. தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தி, காபியை ஊற்றி இரண்டு கைகளிலும் பிடிக்க வைத்தாள்.

"அதுல நானும் ஒருத்தி."

"தெரியும். ரெண்டாவது ஆளு."

"என் இடத்துல உக்காந்துட்டீங்கன்னு கோபம். உறைஞ்சு சாகட்டும்னு நெனச்சேன்."

"பாதி பலிச்சிடுச்சு," என்றார் அவர்.

அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காமல் போனுக்கு உயிர் இல்லை. ஆபத்து என்றால் மூன்று வெடி போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. போட்டாள். மேட்டிலிருந்து யாரோ குரல் கொடுத்தான்: "விழுந்துச்சா? கடாவா?" முதல் நாளில் மூன்று வெடிக்கு அதற்கு மேல் மதிப்பில்லை.

எனவே டோரீன் அந்தக் காட்டில் யாரும் செய்யத் துணியாததைச் செய்தாள். கையை வாயருகே குவித்து, முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களைச் சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில், காடு அதிரக் கத்தினாள். "வாங்கடா எல்லாரும்! தூங்குமூஞ்சிகளா! எறங்கி வாங்கடா!" நிறுத்தாமல் கத்தினாள். கண்ணுக்குத் தெரியாத மான்கள் நாலா பக்கமும் தெறித்து ஓடும் சத்தம் கேட்டது.

கை காட்டினால் விலகிப்போன மனிதர்கள், சண்டை போட என்றதும் ஆறு பேர் வந்துவிட்டார்கள். முதலில் வந்தது தாடிக்காரர்.

"ஏம்மா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? காலையிலேருந்து ஒரே மானுக்காக உக்காந்திருக்கேன்—"

அவள் மரத்தடியைக் காட்டினாள். தாடிக்காரர் அந்தக் காலைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"அட கடவுளே. இவருக்கு நான் கை காட்டினேனே!"

"நானுந்தான்," என்றான் பின்னால் வந்தவன்.

ஒருவன் போனுக்கு உயிர் தேடி மேட்டுக்கு ஓடினான். மற்றவர்கள் இரண்டு இளமரங்களை வெட்டி, கோட்டுகளின் கைகளுக்குள் நுழைத்துப் படுக்கை செய்தார்கள். மாற்றி மாற்றித் தூக்கி, வழியெல்லாம் பாதம் பார்த்து வைத்து இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் ஒரு முறைகூட முனகவில்லை.

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அவரை உள்ளே ஏற்றும்போது டோரீனை விரலால் கூப்பிட்டார்.

"கேட்கணும்னே இருந்தேன். அந்தக் கடாவை ஏன் சுடல?"

"அது ஓடிப்போச்சு ஐயா."

"எப்படி ஓடும்? நேரா உன்கிட்டதானே போச்சு! நான் உனக்குக் கை காட்டிட்டு இருந்தேன். அது வர்றதைப் பார்த்ததும் கையைக் கீழ போட்டுட்டேன். அசைஞ்சா கலைஞ்சிடுமேன்னு தலையைக்கூடத் தூக்கல. மூச்சை அடக்கிட்டு உக்காந்திருந்தேம்மா. எட்டுக் கிளை!"

"நீங்க அசையலையேன்னுதான் எந்திரிச்சேன்," என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "கெடுத்தியே," என்றார். அதில் கோபமில்லை, உண்மையான வருத்தம்தான் இருந்தது. கதவைச் சாத்தினார்கள்.

வண்டி வளைவில் மறைந்த பிறகும் டோரீன் அங்கேயே நின்று அழுதாள். தாடிக்காரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"உங்க சொந்தக்காரராம்மா?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பேருகூடக் கேட்கலையே," என்றாள்.