ஐந்து வாட்

அவரை எல்லாரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தின் அறிவிப்புக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடை என்று முப்பத்தொரு வருஷம் காது கிழியக் கத்திய மனிதர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலாவது வாய் ஓயும் என்று நினைப்பீர்கள். ஓயவே ஓயாது. சாப்பாட்டில் உப்பு, ஜன்னலில் கொக்கி, எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்துகிற கோணம் என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார். அவர் மனைவி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் இவர்தான் முடித்துவைப்பார்.

கடைசியில் அந்தத் தொண்டைக்குத்தான் வினை வந்து சேர்ந்தது. புற்று என்றார்கள். உயிர் பிழைக்க வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்தும்விட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஒரு வாரம் மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தார். அப்புறம் வெளியூரிலிருந்து மகன் ஒரு நல்ல ஃபோனோடு வந்தான். அதில் எழுதினால் அது படித்துச் சொல்லும். ஆண் குரல், செய்தி வாசிக்கிற தோரணை. மைக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விடுவாரா? சத்தம் முழுசு, திரை வெளிச்சம் முழுசு. காலை ஏழு மணிக்கு நூறு சதவீதம் இருந்தால் மதியத்துக்குள் வழித்துத் துடைத்துவிடுவார். ஆரம்பத்தில் அதனால் குறையொன்றுமில்லை. செருகினால் திரையில் ஒரு மின்னல் படம் வரும், ‘வேகமாகச் சார்ஜ் ஆகிறது’ என்று எழுத்து வரும், சாப்பிட்டுக் கை கழுவி ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் நிறைந்துவிடும். இரண்டு மாசமாகத்தான் அந்த மின்னலைக் காணோம். இப்போது நிறைய ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. அந்த ஐந்து மணி நேரமும் மைக் ஊமை.

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. செட்டிங்ஸில் வேக சார்ஜ் இருக்கிற இடத்தைத் தேடிப்பிடித்து அணைத்து அணைத்துப் போட்டார். ஓட்டைக்குள் பல் குத்தும் குச்சியை விட்டுத் தூசி எடுத்தார். உறையைக் கழற்றிப் பார்த்தார், புது ஒயர் வாங்கினார். தலைகீழாக நின்றும் மின்னல் வரவில்லை. சுவரில் செருகியிருக்கிற அடாப்டரை மட்டும் அவர் தொடவேயில்லை. அவர் பார்த்தவரை அது முதல் நாளிலிருந்து கட்டில் பக்கத்துச் சுவரில் அசையாமல் இருந்தது. இருந்த இடத்தை விட்டு நகராத ஒன்றின் மேல் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

"ஃபோனுக்கும் வயசாகுமில்லங்க," என்றாள் மனைவி. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அன்றைக்கு நாலு மணிக்கு மகன் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். ‘ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க, முடிவைச் சொல்லுங்க’ என்று ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மைக்கின் முடிவு வரமாட்டோம் என்பது. பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடிக்கும்போது பத்துப் பேர் வணக்கம் சொல்வார்கள், மகன் ஊரில் யார் சொல்வார்கள்? அங்கே போனால் கூடத்து மூலையில் ஒரு கிழவன், அவ்வளவுதான். மனைவியின் முடிவு என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லை.

காலையிலிருந்து அந்தப் பதிலை எழுதுவதும் பேசவைத்துக் கேட்பதும் திருத்துவதுமாகவே இருந்ததில், இரண்டரை மணிக்கு ஃபோன் அணைந்தேபோனது. நாலு மணிக்குள் இந்தச் சனியன் இருபத்தைந்து சதவீதம் ஏறினால் பெரிது. மகனோ வாதாடுவதில் இவருக்கே பிள்ளை. இருபத்தைந்தை வைத்துக்கொண்டு அவனை மடக்க முடியுமா? மைக் ஃபோனையும் ஒயரையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனை ரிப்பேர் கடைக்கு ஓடினார்.

"என்னண்ணே, பேச்சைக் காணோம்?" என்றார் கடைக்காரர்.

மைக் செத்துப்போன ஃபோனைத் தூக்கிக் காட்டினார். மேஜையில் கிடந்த பழைய ரசீதின் பின்பக்கத்தில் விஷயத்தை எழுதினார். கடைக்காரர் படித்துவிட்டுத் தன் அடாப்டரில் ஒயரைச் செருகினார். ஐந்து நிமிஷத்தில் திரை விழித்துக்கொண்டது. மின்னல். வேகமாகச் சார்ஜ் ஆகிறது. மைக்குக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஃபோன்ல ஒரு கோளாறும் இல்லண்ணே. ஒயரும் நல்லாருக்கு. வீட்டுல சுவத்துல என்ன போட்டிருக்கீங்க? அதைக் கழட்டிட்டு வாங்க."

மைக் வீட்டுக்குப் போய்க் கழற்றி வந்தார். மனைவி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அடாப்டரின் பொடி எழுத்தைப் படித்தார்.

"அஞ்சு வாட்! அடக் கொடுமையே. பட்டன் ஃபோன் காலத்துதுண்ணே இது. இதை வச்சு இவ்வளவு பெரிய பேட்டரிய ரொப்பணும்னா அஞ்சு மணி நேரம் ஆகாம என்ன செய்யும்? உங்க ஃபோனோட வந்தது பெருசா, கனமா இருந்திருக்குமே. யாரோ மாத்திட்டாங்க. இங்கயே போட்டு வைக்கட்டுமா, முழுசா ஏத்திட்டே போறீங்களா?"

மைக் வேண்டாமென்று கையாட்டினார். தன் பொருள் தன் வீட்டில் இருக்கும்போது அடுத்தவன் கடையில் எதற்கு? அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் மனுஷன். உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாமலே போயிருக்கும்.

மகன் போன தடவை வந்தபோது மாற்றி எடுத்துப் போயிருப்பானோ என்று வழியில் ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை ஏதாவது இழுப்பறைக்குள் கிடக்கும் என்று வீட்டைக் குடைந்தார். டிவி மேஜைக்கு அடியில் இல்லை. மருந்து டப்பாவில் இல்லை. கடைசியில் மனைவியின் தையல் பெட்டியில் கையை விட்டார். நூல்கண்டுக்கும் பொத்தான் டப்பாவுக்கும் அடியில், ஒரு கைக்குட்டையில் சுற்றி, நாலு மூலையும் மடித்து, பத்திரமாக இருந்தது.

கைக்குட்டையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தவறிப்போய் விழுந்த பொருளை யாரும் கைக்குட்டையில் சுற்றுவதில்லை. அப்போதுதான் அவருக்கு மதிய நேரங்கள் ஞாபகம் வந்தன. ஃபோன் சுவரில் தொங்கிக்கொண்டிருக்க, இவர் கூடத்தில் வாயடைத்து உட்கார்ந்திருப்பார். அவள் சமையலறையில் தன் ஃபோனில் தங்கச்சியோடு பேசுவாள். ஏதோ கதை சொல்வாள், பாதியில் சிரிப்பாள், மறுபடி தொடங்குவாள், முழுசாகச் சொல்லி முடிப்பாள். அவளுக்குக் கதை சொல்ல வரும் என்பதே கல்யாணமான இந்த முப்பத்துநாலு வருஷத்தில் அவருக்குத் தெரியாது.

பெரிய அடாப்டரைச் சுவரில் செருகினார். மின்னல் வந்தது. இந்தத் தடவை அதைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை.

மனைவி உலர்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். சுவரைப் பார்த்தாள். திறந்து கிடந்த தையல் பெட்டியைப் பார்த்தாள். துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

மைக் இரண்டு எழுத்து எழுதினார். "ஏன்?" என்றது ஃபோன், செய்தி வாசிக்கிற தோரணையில், தெருவுக்கே கேட்கிற சத்தத்தில்.

அவள் ஒரு துண்டை நாலாக மடித்தாள். "குரல் இனி வராதுன்னு டாக்டர் சொன்னப்ப நான் அழுதது பொய்யில்லங்க. நெஜமாத்தான் அழுதேன். ஆனா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்தோமே, அப்ப வீட்டுல குக்கர் சத்தம் கேட்டுச்சு. கடிகாரச் சத்தம் கேட்டுச்சு. நான் என்ன நினைக்கிறேன்னு எனக்கே கேட்டுச்சு. அப்பறம் பையன் இதைக் கொண்டாந்து குடுத்துட்டான்."

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

"பிடுங்கி வச்சுக்க மனசு வரல. பாவம்னுதான் தோணுச்சு. அதான் பழசை மாட்டிட்டேன். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம்ங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

அவள் கத்தியிருந்தால் அவருக்கும் கோபம் வந்திருக்கும். அவள் கத்தவில்லை. வயிற்றெரிச்சலோடு திட்டியிருந்தாலும் பதில் எழுதியிருப்பார். அவள் தலையணை உறையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு அவளுடைய ஃபோனில் மகன் முகம் வந்தது. மைக்கின் கையில் நூறு சதவீதம். எழுதிவைத்த பதில் திரையில் தயாராக இருந்தது. விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், மூன்று நிமிஷம் நிறுத்தாமல் பேசும்.

"என்னம்மா முடிவு பண்ணீங்க?" என்றான் மகன்.

பழக்கதோஷத்தில் அவள் ஒரு நிமிஷம் இவருக்காகக் காத்திருந்தாள். விரல் இறங்கவில்லை.

"நான் வரேம்ப்பா," என்றாள். "அப்பா என்ன சொல்றாருன்னு அவரையே கேளு."

"அப்பா? நீங்க என்னப்பா சொல்றீங்க?"

மைக் இல்லை என்று தலையாட்டினார். எதற்கு இல்லை என்று மகனுக்குப் புரியவில்லை.

"சார்ஜ் இல்லையாப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினார். மனைவி அவர் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள்.

நாலாம் நாள் காலையில் அவள் கிளம்பினாள். வாசலில் ஆட்டோ நின்றது. ஒரு பெட்டி, ஒரு பை. தையல் பெட்டி அந்தப் பைக்குள் இருந்தது. படியிறங்கியவள் திரும்பி ஏறி வந்தாள்.

"ஏதாவது சொல்றதா இருந்தா சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

மைக் ஃபோனை எடுத்தார். எழுபத்தொன்பது சதவீதம் இருந்தது. எவ்வளவு யோசித்தும், ‘வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது’ என்று கூண்டுக்குள்ளிருந்து தினமும் ஐந்நூறு தடவை சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் அவருக்கு வரவில்லை. அவள் நின்றாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் போய்விட்டாள்.

காலையில் நிறைத்தால் மதியம்வரைகூடத் தாங்காத அந்தப் பேட்டரி, அந்தத் தடவை பதினொரு நாள் தாங்கியது.