திரும்பி வரும் பஸ்

வீங்கிய காலில் கட்டு இறுகிப்போயிருந்தது. சிற்றம்பலம் குனிந்து, அக்கா கமலாசனியின் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைத் தளர்த்திக்கொண்டிருந்தான். பின்னால் அத்தான் நல்லதம்பி, புதிதாக வந்தவர்களுக்கு அதே கதையை மறுபடியும் தொடங்கினார்.

"நேற்று விடியக் காலமை விறகு எடுக்கப் போனவா. புடையன் பாம்பு கொத்திப்போட்டுது. தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடினன். ஊரிலை ஒரு உழவு மெசின் இல்லை, எல்லாம் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போட்டுது. அங்கை ஆக்களை இறக்கிப்போட்டு வெறும் பஸ் ஒண்டு வந்தது. நடுறோட்டிலை நிண்டு கை காட்டினன். என்னை விலத்தி வெட்டிக்கொண்டு போட்டான். பிறகும் ஒண்டு வந்தது. அதுவும் நிக்கேல்லை."

வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். முரசுமோட்டையிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனால் அரைமணித்தியாலம்கூட ஆகாது. கமலாசனி, கடைசியில் நல்லதம்பி ஏற்றிக்கொண்டு போன சைக்கிளின் பாரில் சாய்ந்தபடி, பரந்தன் சந்திக்குப் போய்ச் சேருமுன்பே கண்ணை மூடிவிட்டாள்.

"தம்பி, அந்த டிரைவரை விடக்கூடாது" என்றார் நல்லதம்பி. "பஸ்ஸெல்லாம் உன்ரை பொறுப்பிலைதானே. வேலையாலை நிப்பாட்டு. ஆளைக் கண்டால் நான் மட்டுக்கட்டுவன்."

"ஓம் அத்தான்" என்றான் சிற்றம்பலம். அந்த ஓம் எப்படி வாயைவிட்டு வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் கொழும்பில் போக்குவரத்துத் திட்டமிடல் படித்தவன். எந்த ஊர்ச் சனம், எந்த நாளில், எங்கே போகும் என்று முன்கூட்டிக் கணிப்பதுதான் அந்தப் படிப்பு. படிப்பு முடிந்து வந்த கையோடு சண்டை தொடங்கி, வன்னிக்கு டீசல் வருவது நின்றுவிட்டது. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடுகிற நாலைந்து கிழட்டு பஸ்களை வைத்துக்கொண்டு என்னத்தைக் கணிக்கப் போகிறாய் என்று டிப்போக் கந்தோரில் பகிடி பண்ணினார்கள். பஸ் குறையக் குறையத்தான் கணிப்பு வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். அதில் தவறும் இல்லை.

போன வருசம் கண்ணகி அம்மன் பொங்கலன்று சந்திக்குச் சந்தி ஆள் நிறுத்தி, பஸ்ஸில் ஏறுகிறவர்களை எண்ணுவித்தான். வற்றாப்பளைப் பக்கம் சனம் தொங்கிக்கொண்டு போனது. கிளிநொச்சிப் பக்கம் போக ஒரு குருவிகூட ஏறவில்லை. அம்மனுக்குப் பொங்குகிற நாளில் கந்தோருக்கும் கடைக்கும் யார் போகிறார்கள்? அதனால் இந்த முறை, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வரும் பஸ்கள் வழியில் எங்கும் நிற்கக்கூடாது என்று உத்தரவு போட்டான். நின்று நின்று வந்தால் மண்ணெண்ணெயும் வீண், கோயிலுக்குச் சனத்தை ஏற்றும் நடையும் குறையும். ஏறியவர்களை எண்ணியவனுக்கு, யாருக்காவது அவசரமாக ஏற வேண்டிவந்தால் என்ன செய்வார்கள் என்ற யோசனை வரவில்லை.

கணிப்பு பிசகவுமில்லை. அதுதான் கொடுமை. பொங்கல் முடிந்து நேரே செத்தவீட்டுக்கு வந்த நடராசா மாமா, அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"இந்தமுறை பஸ் திறம், தம்பி. இடிபடாமல் போய் அம்மனைக் கும்பிட்டிட்டு வாறம்."

சிற்றம்பலத்துக்கு எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

மத்தியானம் பழனியாண்டி வந்தான். மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து குடியேறிய குடும்பம். டிப்போவில் தற்காலிக டிரைவர். சிற்றம்பலம் ஐயாவின் அக்கா தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தான். யார் அந்த அக்கா என்று தெரியாது. வேலிப் படலைக்குள் கால் வைத்ததும் நல்லதம்பியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். நல்லதம்பியும் கண்டார். எழுந்து போய்ச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"றோட்டோரத்திலை அவளைக் கிடத்தியிருந்தனான். நீ காணேல்லையோ?"

"கண்டேனுங்க" என்றான் பழனியாண்டி.

அவன் கண் சிற்றம்பலத்தின் பக்கம் போய், அவசரமாகக் கீழே இறங்கியது.

உத்தரவு யாருடையது என்று அவன் சொல்லமாட்டான். வேலை போனால் வீட்டில் உலை ஏறாது. சிற்றம்பலம் பேசாமல் இருந்தால் போதும், பழி அந்தச் சட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு கணம் அவன் பேசாமல்தான் இருந்தான். அக்காவின் முகத்தில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. அதைக் கலைத்துவிட்டு எழுந்தான்.

"அவனை விடுங்கோ அத்தான். நிக்கக்கூடாதெண்டு சொன்னது நான்."

"என்ன?"

"திரும்பி வாற பஸ் ஒண்டும் நிக்கக்கூடாதெண்டு நான்தான் உத்தரவு போட்டனான். பொங்கலண்டைக்கு ஒருத்தரும் இந்தப் பக்கம் போகமாட்டினம் எண்டு நினைச்சன்."

நல்லதம்பியின் பிடி மெல்லத் தளர்ந்தது. கசங்கிய சட்டையை உள்ளங்கையால் தடவி நேராக்கிவிட்டார்.

"இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ, தம்பி" என்றார் பழனியாண்டியிடம்.

சிற்றம்பலத்தின் பக்கம் அவர் திரும்பவில்லை. வாய்க்கரிசி போடும்போதும் திரும்பவில்லை. சிற்றம்பலம் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அக்காமேல் விரித்தபோது, அவர் முற்றத்து வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால், அடித்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிள்ளைகள் இல்லாததால் கொள்ளிச்சட்டியை நல்லதம்பியே தூக்கினார். பெண்கள் படலையோடு நின்றுகொண்டார்கள். பாடையின் கால்மாட்டில் சிற்றம்பலம் தோள் கொடுத்தான். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

றோட்டில் ஏறியபோது வற்றாப்பளைப் பக்கமிருந்து பஸ் வந்தது. பொங்கல் முடித்துத் திரும்பும் சனம் மிதிபலகைவரை நிறைந்திருந்தது. நல்லதம்பி திரும்பிப் பார்த்தார். இரண்டு கையும் கொள்ளிச்சட்டியில் இருந்தன, அவர் மறிக்கவில்லை.

பஸ் தானாகவே வேகம் குறைந்து, ஓரமாக ஒதுங்கி நின்றது. டிரைவர் இஞ்சினையும் நிறுத்தினார். தொங்கிக்கொண்டு வந்தவர்கள் இறங்கி, தலைத் துவாயை அவிழ்த்துவிட்டு நின்றார்கள். பாடை முழுவதும் கடந்து, கடைசி ஆள் சுடலை ஒழுங்கைக்குள் இறங்கும்வரை பஸ் அங்கேயே நின்றது.