வலது காதில் கேட்டது

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வாலிபன் பொத்தானை அழுத்தினான். இந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. டாக்டரம்மா இன்னும் எந்தச் சத்தத்தையும் அனுப்பியிருக்கவில்லை.

காது கேட்கும் கருவி விற்கும் கடை அது. சோதனை அறையின் சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்திருக்கும். கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். அங்கே உதவிக்கு இருந்தவளுக்குப் பத்தொன்பது வயது. சத்தம் கேட்டால் மட்டும் அழுத்தச் சொல் என்று டாக்டரம்மா அவளை உள்ளே அனுப்பினாள். அவள் கதவைத் திறந்ததும் அவன் மறுபடி அழுத்தினான்.

அவனுக்கு ஓரளவு கேட்கும் இடது காதருகே குனிந்து, ஏன் அழுத்துகிறீர்கள் என்று கேட்டாள்.

"வலது காதுல யாரோ கூப்பிடுறாங்க. கட்டெறும்புன்னு."

வலது காதில் துளியும் கேட்காது என்று அவனுடைய அட்டையில் எழுதியிருந்தது. அவளைக் கட்டெறும்பு என்று கூப்பிட்ட ஆள் உலகத்தில் ஒருவர்தான். குழந்தையில் எல்லோரையும் கடித்து வைத்தாள் என்று அப்பா வைத்த பெயர். அப்பா காணாமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அப்பா சாயத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். அன்று அவருக்கு வார விடுமுறை. கூட வேலை செய்பவருக்குப் பதிலாகப் போகிறேன் என்று கிளம்பினார். மத்தியானம் பாய்லர் வெடித்துக் கட்டடமே கீழே உட்கார்ந்துவிட்டது. உள்ளே அகப்பட்டவர்களை அடையாளம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. நிர்வாகம் வருகைப் பதிவேட்டைக் காட்டி, அவர் அன்று வேலைக்கே வரவில்லை என்றது. அப்படியானால் ஆள் எங்கே? தெரு தானாகவே ஒரு பதிலைக் கண்டுபிடித்தது. எவளோ ஒருத்தியோடு போய்விட்டாராம். அம்மா அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, யாரோடும் சண்டைக்குப் போகவும் இல்லை. வாயை இறுக்கிக்கொண்டு ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடப் போனாள். இவள் கல்லூரியை முதல் வருடத்தோடு விட்டுவிட்டு இந்தக் கடைக்கு வந்தாள்.

கருவி பொருத்துவதற்குக் காதின் அச்சு எடுப்பது அவள் வேலை. நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைத்து, பிசைந்த பசையை நிரப்பி, அது இறுகும்வரை ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அச்சு சரியாகப் பொருந்தவில்லை என்று மூன்று தடவை வந்தான். அதில் ஒரு குறையும் இல்லை என்று எடுத்தவளுக்குத் தெரியாதா? நாலாவது தடவை, இந்தத் தம்பிக்கு மட்டும் காது வாராவாரம் வளருதா என்று டாக்டரம்மாவே கேட்டுவிட்டாள்.

அவள் பக்கத்தில் இருந்தால் மட்டுமே அந்தக் குரல் வருகிறது என்றான். அவள் சோதித்துப் பார்த்தாள். ஒருநாள் பின்வாசல் வழியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அலமாரிக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றாள். அவன் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, வந்துட்டியா என்றான். இவன் தேடி வருவது என்னையா, அந்தக் குரலையா என்ற நினைப்பு அவளை அரித்தது.

காது எப்படிப் போயிற்று என்று கேட்க அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அவன் சொன்னது அதே தொழிற்சாலை, அதே மத்தியானம். அவன் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள். பாய்லர் அறை வழியாக மூட்டை தூக்கிப் போனபோது ஒருவர் அவன் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, திரும்ப உள்ளே ஓடினார். பிறகு விசாரித்தால், அங்கே அப்படி ஒரு ஆளே இல்லை, அடிபட்ட தலை எதையாவது சொல்லும் என்றார்கள்.

அன்று சாயங்காலமே அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முகம் ஞாபகம் இருக்கிறதா என்றாள். இல்லை என்றான்.

"சட்டையில மேல் பட்டன் இல்ல. நூல் மட்டும் தொங்கிட்டிருந்துச்சு. அதுதான் கண்ணுல நிக்குது."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "லீவு நாள்ல போறதுக்கு நான் பட்டன் தச்சுத் தரணுமான்னு கேட்டேன். அப்படியே போட்டுட்டுப் போனாரு" என்றாள். இரண்டு வருடமாக வராத அழுகை அன்று வந்தது.

அதன் பிறகு அவன் அவளோடு அடிக்கடி வந்தான். அம்மா அவனுடைய வலது பக்கமாகவே உட்கார்ந்து, இப்ப என்ன சொல்றாரு என்று கேட்பாள். அவன் சொல்வான். மூன்று வாரம் கழித்து, பேருந்து நிறுத்தத்தில் அவளிடம் உண்மையைச் சொன்னான். அம்மா அழுத அன்றே குரல் நின்றுவிட்டது. இத்தனை நாளும் சொன்னதெல்லாம் அவனாகக் கட்டியது. அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் குரல் நின்ற பிறகும் இவன் வந்துகொண்டுதானே இருக்கிறான் என்பது மெல்ல உறைத்தது. அம்மாவிடம் நீயே சொல் என்று கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

அம்மா கோபப்படவில்லை. "தெரியும் தம்பி. இருபத்திரண்டு வருஷத்துல அவர் என்னை நல்லா இருக்கியான்னு கேட்டதே கிடையாது. நீ பேச வச்ச ஆளு ரொம்ப நல்லவரு" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "ஆனா புதன்கிழமை நீ தனியா வந்தியே, அன்னைக்குப் பேசினது அவரேதான். 'ரெண்டு பேரையும் இழுத்தடிக்காதடி, முடிச்சு வை'ன்னு. அதை உன்னால கட்ட முடியாது."

புதன்கிழமை அவன் வெளியூரில் சாரத்தின் மேல் நின்று பலகை எழுதிக்கொண்டிருந்தான். அவள் கடையில் சரக்குக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க உட்கார்ந்திருந்தேன், அம்மா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"இதோ, ஜன்னலோர நாற்காலியில. சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு, உடம்புல ஆவி பறந்துச்சு. வெளியில மழையே இல்லையேன்னுகூடக் கேட்டேன்."

இருவரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. அவன் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தான். அன்று வேலையை மாற்றிக்கொண்டவரும் கடைசியில் வாயைத் திறந்தார். இறந்தவர்கள் பட்டியலில் அப்பாவின் பெயர் ஏறியது. தெருவும் தன் பதிலை மறந்துவிட்டது.

அவன் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறான். ஜன்னலோர நாற்காலியில் மட்டும் உட்காருவதில்லை. ஏன் என்று அம்மா கேட்டால், காலை நீட்டித் தரையில் உட்காருவதுதான் சுகம் என்பான்.