ஜன்னலில் தொங்கிய சிவப்பு

எங்கள் வீட்டில் அரசியல் பேசாமல் அடுப்பு எரிந்ததில்லை. நான் சிவப்புக் கட்சி, என் புருஷன் கொர்பினியான் ராஜா கட்சி. அந்த ராஜா போன நவம்பரிலேயே மியூனிக்கை விட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டார். அவருக்காகப் பதுங்குகுழிச் சேற்றில் கிடந்து திரும்பிய இந்த மனுஷர் மட்டும் ராஜா படத்தைச் சுவரிலிருந்து இறக்கவே மாட்டேன் என்றார்.

போர் முடிந்ததும் குண்டுத் தொழிற்சாலையிலிருந்து பெண்கள் எங்களையெல்லாம் வீட்டுக்கு விரட்டினார்கள். வேலை இனி ஆண்களுக்காம். அந்த ஆண்களுக்காவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. வசந்தத்தில் தொழிலாளர் ஆட்சி வந்தது. நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்த் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவேன். அவர் கிழங்குத் தோலைச் சூப்பில் போட்டுக் கிளறியபடி காத்திருப்பார்.

"இந்தப் பயலுகளோட சேந்து நீ அழியப் போறடி, அஃப்ரா. வடக்கேருந்து பட்டாளம் வருது. வந்தா சிவப்பு வச்சிருக்கிறவன் ஒருத்தனையும் விடமாட்டானுங்க."

"வரட்டும்யா! வர்ற அன்னிக்கு நம்ம ஜன்னல்ல செங்கொடி கட்டித் தொங்கவிடுறேன். உன் ராஜா கண்குளிரப் பாக்கட்டும்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். சட்டைக்கே துணியில்லாத காலத்தில் கொடிக்கு எங்கே போவது?

மே மாதத் தொடக்கத்தில், எங்கள் ஆட்சியைக் கவிழ்க்க வடக்கிலிருந்து வந்த வெள்ளைப்படை நகருக்குள் நுழைந்தது. எங்கள் கீசிங் பேட்டையில்தான் சண்டை கடுமை. மறுநாள் காலை பீரங்கிச் சத்தம் ஓய்ந்ததும் அவர் ரொட்டி வரிசையில் நிற்கப் போனார். நான் துவைக்கப் போனேன். எங்கள் கட்டடத்தில் அடித்தளத்துத் துவைப்பறை ஆளுக்கு ஒரு முறை. தவறவிட்டால் அடுத்த முறைக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஆட்சி கவிழ்ந்தாலும் முறையை மட்டும் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். படுக்கையின் வெள்ளை உறையை உருவி வெந்நீர்க் கொப்பரையில் போட்டேன். இறகு அடைத்த உள்ளுறையை, தினமும் போலக் காற்றாட ஜன்னலில் தொங்கவிட்டேன். எந்த வீட்டிலும் அந்த உள்ளுறை சிவப்புதான்; மற்ற நாளில் மேலே வெள்ளை உறை மூடியிருக்கும்.

கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுக் கிரெசென்ஸ் படியில் விழுந்தடித்து ஓடிவந்தாள்.

"ஐயோ அஃப்ரா, உன் வீட்டுக்காரரை வாசல்லயே மடக்கிப் பிடிச்சு பீர் ஆலைக்கு இழுத்துட்டுப் போறாங்கடி! மேல செங்கொடி தொங்குதாம்!"

"கொடியா? என்னக்கா உளறுறீங்க?"

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மாடிக்கு ஓடினேன். உள்ளுறையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். கிரெசென்ஸ் பின்னாலிருந்து கத்தினாள்.

"பைத்தியமாடி உனக்கு? சிவப்பைத் தூக்கிட்டு ஓடுறியே, பாத்த உடனே சுட்டுடுவாங்க! எதையாச்சும் போட்டு மூடுடி!"

மூடுவதற்கு நேரமில்லை. ஓடினேன். தெருவோரம் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கினான். "படுக்கைய்யா, படுக்கை!" என்று கத்திக்கொண்டே அவனைத் தாண்டினேன். நின்றால் அவர் செத்தார் என்று மட்டும் தெரிந்தது.

ஆலை வாசலில் ஒரு சார்ஜென்ட் வழிமறித்தான். பேசவே விடாமல் உள்ளுறையைத் துப்பாக்கிக் கத்தியால் ஒரு குத்துக் குத்திக் கிழித்தான். இறகு கொட்டியது. அவன் மீசையில், தொப்பியில், பூட்ஸில் எல்லாம் ஒட்டியது. பின்னால் நின்ற சிப்பாய் சிரித்துவிட்டான். சார்ஜென்ட் சிரிக்கவில்லை.

"இது... படுக்கையா?"

"ஆமாய்யா. உங்க வீட்ல நீங்க எதுல படுக்கிறீங்க? என் புருஷனை விடுங்க. அவர் ராஜா கட்சி. வீட்ல வந்து பாருங்க, படம் தொங்குது."

"மேலருந்து சுடுவாங்களோன்னு நாங்க மாடி ஏறலம்மா. வாசல்ல வச்சுத்தான் கேட்டோம், இந்தக் கொடி யாருதுன்னு. அண்ணாந்து பாத்தான். மொகம் செத்துப்போச்சு. ஒரு வார்த்தை, படுக்கைன்னு சொல்லியிருந்தா விட்டிருப்போம். சொல்லலியே."

"என்ன சொன்னார்?"

அவன் மீசையிலிருந்து இறகைத் தட்டிவிட்டான்.

"நான்தான் கட்டினேன், எம் பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது, அவளை விட்டுடுங்கன்னான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்."

"அவர் எங்க?"

அவன் ஒதுங்கி வழிவிட்டான். ஆலையின் பின்சுவரோரம் சுட்டுக் கொன்றவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அவர் கோட்டுக்குள் ரொட்டியை இறுக்கிப் பிடித்தபடியே கிடந்தார்.

"பாவி மனுஷா," என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நான் கட்டலய்யா. அது நம்ம படுக்கைய்யா."